ஆறாம் படியில் இருந்த பெயிண்ட் வாளி

அவைக்கு அணியாகவும் அன்புக்கு அணையாகவும் வீற்றிருக்கும் விழாத் தலைவி, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றும் எங்கள் தெருப் பணியிலிருந்து ஓய்வே பெறாத அம்மையார் சித்ரலேகா அவர்களே! மணி அடித்துப் பேச்சாளர்களை மடக்கி உட்காரவைப்பதில் மன்னராகிய மன்றச் செயலாளர் கார்த்திகேசன் அண்ணாச்சி அவர்களே! கடற்கரையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, நாற்காலியின் நுனியிலே கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தம்பி இன்னாசி அவர்களே! காலி டப்பாக்களைக் கொண்டு வந்து இந்தக் கல்யாண மண்டபத்தையே கலைக்கூடமாக்கிய தாய்மார்களே! தாய்மார்கள் இழுத்து வந்ததால் வந்து, காப்பி எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! அனைவருக்கும் அடியேன் சிவசண்முகத்தின் ஆழ்ந்த வணக்கம், அகன்ற வணக்கம், அடைமழைபோல் அடங்காத வணக்கம்!

ஒருவர் பெயரை விட்டுவிட்டேன். முதல் வரிசையிலே வலது ஓரத்திலே, 'நீளமாப் பேசாதிய' என்று கண்ணாலேயே கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர் பெயரை. மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். இறங்குவதற்குள் சொல்லிவிடுவேன்.

நண்பர்களே! பகலிலே ஜங்ஷனில் ஸ்டேஷனரிக் கடை, மாலையிலே மேடை என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியவன் நான். கோயில் கொடையிலே பேசியிருக்கிறேன், பள்ளி விழாவிலே பேசியிருக்கிறேன், கரண்டு போன பிறகும் மைக் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். ஆனால் இன்று இந்த மன்றம் என்னை அழைத்தது என் நாவன்மைக்காகவா? இல்லை. நற்பெயருக்காகவா? இல்லை. பழைய பொருளுக்கு மறுவேலை கொடுக்கும் இந்தப் போட்டியிலே முதல் பரிசு பெறுகிற அம்மாளுக்கு நான் வீட்டுக்காரர். அந்த ஒரே தகுதிதான். அங்கே கைதட்டுகிற அக்காவுக்கு நன்றி!

கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தேன், சொக்கிப் போனேன். பக்கத்து வீட்டுப் பிரேமலதா, ஓடி ஓய்ந்த ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டு வந்து வைத்திருக்கிறார். பழைய இரும்புக் கடைக்காரன் என்ன தருவான்? ஒன்றுமே தரமாட்டான். அந்த அம்மாள் என்ன செய்தார்? அடித்தட்டில் அரிசி, நடுத்தட்டில் பருப்பு, மேல்தட்டில் மிளகாய்வற்றல், கதவிலே மசாலாப் பொடி. எலி ஏறாது, எறும்பு நுழையாது, ஈரம் அண்டாது. இன்னொருவர் பையனின் கிழிந்த ஜீன்ஸ் காலை வெட்டி, அடியைத் தைத்து, அதிலே வெங்காயத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காற்றோட்டத்துக்குக் குறையே இல்லை, கிழிசல் ஏற்கெனவே இருக்கிறது! எண்ணெய் கேனைச் சரித்து வெட்டி மாவு அள்ளும் கரண்டி, மாத்திரைப் புட்டியிலே கடுகு, குழந்தைப் பால்மாவு டப்பாவிலே புளி. இதைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று சொன்னார் ஒரு பெரியவர். ஐயா, கஞ்சன் பொருளைப் பூட்டி வைப்பான். இவர்கள் பூட்டியா வைத்தார்கள்? ஒரு வேலை முடிந்த பொருளுக்கு மறு வேலை கொடுத்தார்கள். கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. நம் வீடுகளிலே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்காது! பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் பித்தான், ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் இட்லி மாவு. சென்னையிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர், எங்கள் வீட்டு அலமாரியிலே அல்வாப் பெட்டியைக் கண்டார். கண்டதும் கை துறுதுறுத்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் திறந்தே விட்டார். உள்ளே என்ன? ஃபியூஸ் ஒயரும் துருப்பிடித்த ஆணியும். "என்னய்யா, திருநெல்வேலியிலேயே அல்வா கொடுத்துட்டீங்களே" என்றார். திருநெல்வேலிக்காரன் வீட்டு அல்வாப் பெட்டியிலே அல்வா இருக்கும் என்று இவருக்கு எவர் சொன்னது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எந்த டப்பாவிலே என்ன இருக்கிறது என்ற முழு வரைபடமும் ஒரே ஒருவர் தலையிலேதான் இருக்கிறது. வீட்டு அம்மாள் தலையிலே. ஆண்கள் அதைக் கேட்டோமா? கேட்டதில்லை. அவர்கள் சொன்னபோது காது கொடுத்தோமா? கொடுத்ததில்லை. அப்படிக் காது கொடுக்காத ஒருவன் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாக வந்ததே வெள்ளம், நினைவிருக்கிறதா? இருக்காதா பின்னே! எங்கள் தெரு தாழ்வான தெரு. வாய்க்கால் நிறைந்து, வாசல் நிறைந்து, விடிந்து பார்த்தால் வீட்டுக்குள்ளே முழங்கால் அளவு தண்ணீர். என் மனைவியும் மகள் விஜயஸ்ரீயும் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். நடக்க முடியாத பிரேமலதாவின் தாயாரை ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி, எங்கள் வீட்டுப் படி வழியாக மொட்டைமாடி அறைக்கு ஏற்றினார்கள். ஏறும்போதே என் மனைவி திரும்பிச் சொன்னாள்: "இங்கேருங்க, சாமான் போனாப் போவட்டும். முக்கியமானதை மட்டும் மேல எடுத்தாங்க."

முக்கியமானது! அந்த வீட்டிலே அன்றைக்கு முக்கியமானது எது? என் மகள் பொறியியல் படித்தவள். மூன்று முறை அரசுத் தேர்வு எழுதி, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறியிருந்தாள். அசல் சான்றிதழ்களோடு சென்னைக்கு வா என்று கடிதம் வந்திருந்தது. நாள் குறித்திருந்தார்கள், அதற்கு ஒன்பது நாள்தான் பாக்கி. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் அசல், அத்தனையும் அசல். தொலைந்தால் மறுபடி வாங்க மாதக் கணக்காகும். அன்றைக்குக் கையிலே காகிதம் இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு. அதுதான் அந்த வீட்டிலே முக்கியமானது. எந்த அப்பனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? பரண்மேலே இருந்த சூட்கேஸ் தோன்றிற்று! கல்யாணத்துக்கு வாங்கிய பழுப்புநிறச் சூட்கேஸ். அதிலே என்ன? இந்த நாட்டு மக்கள் எனக்குப் போர்த்திய முப்பத்தெட்டுப் பொன்னாடைகள். ஒன்றொன்றையும் எந்த ஊரிலே, எந்த விழாவிலே, யார் கையால் என்று ஒப்பிப்பேன். தண்ணீரிலே நின்றபடி பரணிலிருந்து அதை இறக்கினேன், தலையிலே வைத்தேன், படி ஏறினேன். புகழைச் சுமந்து போகிறோம் என்ற பூரிப்பு வேறு!

எங்கள் வீட்டுப் படி குறுகல். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடி கிடையாது. அந்தப் படிகளும் என் மனைவிக்கு அலமாரிதான், படிக்கு ஒரு டப்பா ஓரமாக இருக்கும். ஆறாம் படியிலே ஒரு பெயிண்ட் வாளி. வீட்டுக்கு வெளிர்நீலம் அடித்தபோது மிஞ்சிய, இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி. மூன்று தடவை நான் தூக்கிப்போட, மூன்று தடவையும் அவள் திரும்ப எடுத்து வந்த வாளி. அன்றைக்கு அது என் சூட்கேசுக்கு வழிவிடாமல் நின்றது. என் இரண்டு கையும் தலையிலிருந்த சூட்கேசைப் பிடித்திருந்தன. காலால் தள்ளினேன்.

கவனியுங்கள். காலால் தள்ளினேன். வாளி உருண்டது, கீழே தண்ணீரிலே விழுந்தது, திறந்து கிடந்த வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. நான் திரும்பிப் பார்த்தேனா? பார்த்தேன். 'சனியன் ஒழிந்தது' என்றுகூட நினைத்தேன்.

மாடியிலே சூட்கேசைத் திறந்தேன். அதற்குள்ளே… அந்தக் கடைசி வரிசை அம்மாளுக்கு விடை தெரிந்துவிட்டது, சிரிக்கிறார்! துணிக்கடைக் கட்டைப்பைகள்! பைக்குள் பை, பைக்குள் பை, அழகாக மடித்து அடுக்கி, நாற்பது ஐம்பது காலிப் பைகள். என் பொன்னாடை ஒன்றுகூட இல்லை. எட்டு வருடத்துக்கு முன்பே என் மனைவி அவற்றை எடுத்துவிட்டாளாம். ஃப்ரிட்ஜ் மேலே கிடந்த சரிகைத் துணி, தையல் மிஷின் போர்த்தியிருந்த சிவப்புத் துணி எல்லாம் யாருடையது? என்னுடையது! தினமும் பார்த்தேன், ஒருநாளும் தெரியவில்லை.

நான் வாய் பிளந்து நிற்கும்போது அவள் கேட்டாள்.

"வாளி எங்க?"

"எந்த வாளி?"

"ஆறாம் படியில இருந்த பெயிண்ட் வாளி. பிள்ளை சர்ட்டிபிகேட்டு எல்லாம் அதுலதான இருக்கு? உங்ககிட்ட எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன்!"

சொல்லியிருந்தாள். சத்தியமாகச் சொல்லியிருந்தாள். நான்தான் காது கொடுக்கவில்லை. அப்போது இந்த நாவலன் என்ன சொன்னான் தெரியுமா? "தண்ணி கொண்டு போயிட்டு போலுக்கு" என்றான். பொய் சொன்னான். பெற்ற மகள் முன்னாலே, பேச்சையே பிழைப்பாகக் கொண்டவன், ஒற்றை வரியிலே பொய் சொன்னான். என் மகள் அழவில்லை. தரையிலே உட்கார்ந்து, அந்தக் காலிப் பைகளை ஒவ்வொன்றாக உதறி உதறிப் பார்த்தாள். இருக்காது என்று தெரிந்தும் பார்த்தாள். அதைவிட அவள் அழுதிருக்கலாம்.

செயலாளர் அண்ணாச்சி துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'இரண்டு நிமிடம்' என்று எழுதியிருக்கிறது. நன்றி அண்ணாச்சி! இந்தச் சீட்டின் மறுபக்கம் வெள்ளையாக இருக்கிறது, நாளைக்குக் காய்கறி எழுத ஆகும். இதைப் பையிலே போட்டுக்கொள்ளுகிறேன், கதையை முடித்துத்தான் இறங்குவேன்.

மறுநாள் நண்பகல். ஊருக்குள்ளே படகு வந்தது! கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து, தங்கள் படகுகளை லாரியிலே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை. தண்ணீரிலே தவிக்கிறார்கள் என்று கேட்டார்கள், வந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டு வந்த படகிலே நின்றவர்தான் இதோ இருக்கிறாரே, இன்னாசி. படகு நடுவிலே என்ன இருந்தது? ஒரு பெயிண்ட் வாளி. தெருத் தெருவாக, "இது யாரு வீட்டு வாளி? யாரு வீட்டு வாளி?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்.

கரண்டுக் கம்பத்தடியிலே குப்பையோடு குப்பையாகச் சிக்கிக் கிடந்திருக்கிறது. கூட வந்தவர், "ஏ, காலி வாளிய எதுக்குல தூக்குத?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னாசி சொன்ன பதிலை நான் முப்பத்திரண்டு வருடத்திலே பேசிய எந்தப் பேச்சிலும் பேசியதில்லை. கேளுங்கள். "கடல்ல ஒரு கேன் மெதந்தா அதுக்குக் கீழ ஒருத்தன் வலை கெடக்கும்ல. மெதக்குததக் குப்பைன்னு விட்டா, ஒருத்தன் சோத்தை விட்ட மாதிரி."

ஆம் நண்பர்களே! அவர்கள் கரையிலே காலி எண்ணெய் கேனை எறிவதில்லை. மூடியை இறுக்கி வலையிலே கட்டி மிதக்க விடுவார்கள். எங்கள் வீட்டிலே டப்பா சேர்த்தவளையும் அவர்கள் கரையிலே கேன் சேர்த்தவரையும் எந்தப் பள்ளிக்கூடமும் ஒன்றாகச் சேர்த்து உட்கார வைக்கவில்லை. ஆனாலும் ஒரே பாடம் படித்திருந்தார்கள். திறந்து பார்த்தாரா இன்னாசி? பார்க்கவில்லை. "அடுத்தவன் வலைய நாங்க தூக்க மாட்டோம் அண்ணாச்சி" என்றார்.

தண்ணீர் புகாதபடி மூடியை இறுக்க, வாளியின் கழுத்திலே சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தது. அதைக் கண்டதும் மாடியிலிருந்து என் மனைவி கத்தினாள், "எங்க வாளி! எங்க வாளி!" அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். டியூபை உருவினாள், மூடியைத் திறந்தாள். மேலாக, செருப்புப் பெட்டிக்குள்ளே கிடக்குமே, தின்னாதே என்று எழுதிய வெள்ளைப் பொட்டலங்கள், அவை இருபது. ஈரத்தைக் குடிக்குமாம், வருடக் கணக்காகச் சேர்த்திருக்கிறாள். அதன் கீழே, கழுவிக் காயவைத்து ஒட்டிய பால் கவர்களால் ஓர் உறை. உறைக்குள்ளே சரிகை மின்னுகிறது. என் பொன்னாடை! இருப்பதிலேயே கனமான நான்கு பொன்னாடைகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி. அதற்குள்ளே மகளின் சான்றிதழ். விரலை விட்டுப் பார்த்தாள். பொட்டு ஈரம் இல்லை.

என் பொன்னாடைகளுக்கு அதைவிடப் பெரிய மேடை கிடைத்ததுண்டா? நான் தலையிலே சுமந்தது காலிப் பை. என் புகழையும் என் மகளின் வாழ்வையும் சேர்த்துத்தான் காலால் தள்ளியிருக்கிறேன்.

மகள் பேருந்து பிடித்துச் சென்னைக்குப் போனாள், வேலை வாங்கினாள். இன்று விடுப்பு எடுத்து வந்து இரண்டாவது வரிசையிலே இருக்கிறாள். இன்னாசி பணம் வாங்க மறுத்தார். "வாளியத் தருவியளா அக்கா? எம்மக நர்சிங் படிக்கா, ஆன்லின்னு பேரு. அவ காகிதமெல்லாம் தகரப் பொட்டியில கெடக்கு, வீடு கடல ஒட்டித்தான்" என்றார். வாளி போயிற்று, டியூபும் பொட்டலமும் கூடப் போயின. நான்கு பொன்னாடையிலே இரண்டும் போயின. தம்பி தலையாட்டுகிறார், பத்திரமாக இருக்கிறதாம்.

தண்ணீர் வடிந்த அன்று ஒரு விநோதம் நடந்தது. பாத்திரமெல்லாம் சேறு, பாயெல்லாம் சேறு. அதையெல்லாம் விட்டுவிட்டு என் மனைவி படிச் சுவரைச் சுரண்டி, வேறொரு டப்பாவிலே மிச்சம் வைத்திருந்த வெளிர்நீலத்தை எடுத்துப் பூசிக்கொண்டிருந்தாள். "ஏளா, கூறு கெட்டுப் போச்சா? ஈரச் செவுத்துல பெயிண்ட் நிக்குமா?" என்று ஏசினேன். "கறை கண்ணை உறுத்துது" என்றாள். இரண்டே மாதத்தில் உரிந்தது. மறுபடியும் பூசினாள்.

இப்போது நான் எதற்கு இந்த மேடைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வாளியைத் தண்ணீர் கொண்டுபோகவில்லை, நான் தள்ளினேன். இதை என் மனைவியிடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான், உங்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்துச் சொல்லுகிறேன். முப்பத்தெட்டுப் பொன்னாடைக்கும் கூசாத தோள் இன்று கூசுகிறது. விஜயஸ்ரீ, அப்பாவை மன்னித்துவிடம்மா. ஏளா… நீ என்ன சொல்லுத?

தயவுசெய்து அமைதி. அவள் ஏதோ சொல்லுகிறாள். என்னது? இன்னொரு மட்டம் சொல்லு.

கேட்டதா பின்வரிசைக்கு? கேட்காதவர்களுக்காக, அவள் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன். "எனக்கு அன்னைக்கே தெரியும். தண்ணி நாலாம் படியத் தாண்டலயே. ஆறாம் படி வாளி தானா எறங்கிப் போவுமா?"

நாலாம் படி! நண்பர்களே, வெள்ளத்தின் கறை அந்தச் சுவரிலேதான் இருந்தது. நாலாம் படிக்கு நேராகக் கோடு போட்டது போலே இருந்தது. என் மகள் பொறியாளர், பார்த்தால் ஒரு நொடியிலே படியை எண்ணியிருப்பாள். அதற்காகவா… அதற்காகவா ஈரச் சுவரிலே பூசினாய்? உரிந்ததும் மறுபடி பூசினாய்?

தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு விடை கிடைத்துவிட்டது. மகள் முன்னாலே நான் சிறுமைப்படக் கூடாது என்று, சேற்றிலே நின்றுகொண்டு என் கறையை மறைத்திருக்கிறாள். நான் அவளைக் கூறு கெட்டவள் என்று ஏசினேன். டப்பாவைக் காத்தாள், காகிதத்தைக் காத்தாள், இந்த வாய்வீச்சுக்காரனையும் ஒரு பழம்பொருள் என்று தூக்கி எறியாமல் காத்திருக்கிறாள்.

தண்ணீர் வேண்டாம் அண்ணாச்சி, முடித்துவிடுகிறேன்.

சற்று முன் தலைவி அவர்கள் எனக்குப் போர்த்திய இந்த முப்பத்தொன்பதாவது பொன்னாடையை நான் வீட்டுக்குச் சுமந்துபோகப் போவதில்லை. விஜயஸ்ரீ, இங்கே வாம்மா. இதை வாங்கி அம்மாவின் தோளிலே போர்த்து. நாளைக்கு அவள் இதைத் தையல் மிஷினுக்குப் போடுவாளோ, அரிசிப் பானைக்குக் கட்டுவாளோ, அது அவள் விருப்பம். எங்கே வைத்தாய் என்று இனி நான் கேட்பேன், சொன்னால் காது கொடுப்பேன்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும் காப்பியை மறந்து கேட்ட தந்தைமார்களுக்கும் நன்றி. அழைத்த தலைவிக்கும் மணியை அடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும் செயலாளருக்கும் நன்றி. மிதந்ததைக் குப்பை என்று விடாத தம்பி இன்னாசிக்கு, எங்கள் வீடு உள்ளளவும் நன்றி. தொடக்கத்திலே ஒரு பெயரை விட்டேன். முப்பத்திரண்டு வருடமாக எல்லா மேடையிலும் விட்ட பெயர் அது. பாலம்மாள் அவர்களே, உங்களுக்கு என் வணக்கம்.